பத்திரத்தில் எழுதப்பட்ட அயலார்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் பணம் கரையும், பொறுமை சோதிக்கப்படும், உறவுகளின் உண்மை முகம் தெரியவரும் என்பதே அதன் பொருள். நம் செங்கை மறைமாவட்டத்தில் இன்று அந்தப் பழமொழியின் முதல் பாதியை அனுபவிக்காத குடும்பங்கள் குறைவு. தாம்பரம் தொடங்கி வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், செங்கல்பட்டு என்று சாலை நெடுக வயல்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு அறிவிப்போடும் நிலத்தின் விலை ஏறியது. ஞாயிறு திருப்பலியில் நமக்கு அறிமுகமில்லாத முகங்களும் கூடிக்கொண்டே வருகின்றன.

இப்பகுதியில் பல ஆண்டுகளாக வீடும் மனையும் வாங்க, விற்க உதவி வருகிற தரகர் ஒருவர் நம் பங்குகளுள் ஒன்றைச் சேர்ந்தவர். தரகர் என்றாலே சற்று ஒதுங்கிப் பேசுவது நம் வழக்கம். ஆனால் ஒரு குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பை எதில் போடுகிறது, எதற்கு அஞ்சுகிறது, எதை மறைக்கிறது என்பதை அவரைப் போல நெருக்கமாகப் பார்ப்பவர்கள் குறைவு. அவர் நம்மோடு பகிர்ந்துகொண்ட சில கருத்துகளை, விவிலியத்தின் ஒளியிலும் நடைமுறைச் சட்டத்தின் துணையோடும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

கேட்கும் கேள்விகள்

வீடு பார்க்க வருகிறவர்கள் என்னென்ன கேட்பார்கள்? தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? சாலை எத்தனை அடி? இரயில் நிலையம் எவ்வளவு தூரம்? பள்ளிக்கூடம் பக்கமா? வங்கிக் கடன் கிடைக்குமா? வாசல் எந்தத் திசை பார்க்கிறது? வாஸ்து பார்த்த பிறகே முன்பணம் தருவோம் என்று சொல்லும் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இத்தனையும் கேட்டு முடித்த பிறகு, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வருமாம்: “அக்கம்பக்கம் எல்லாம் யாருங்க?”

இந்தக் கேள்விக்கு இரண்டு பொருள் இருக்கலாம். வயது வந்த மகள் மாலையில் வேலை முடிந்து தனியே நடந்து வரவேண்டிய தெரு பாதுகாப்பானதா என்று ஒரு தாய் கவலைப்படலாம். அது நியாயமான கவலை. ஆனால் பெரும்பாலும் அந்தக் கேள்வியின் உட்பொருள் வேறு என்கிறார் அவர். பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சாதி, எந்த மதம் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அப்படிக் கேட்கிறார்கள். அவருடைய மனத்தை உறுத்துவது இன்னொன்று. ‘நாங்கள் இந்தத் தெருவுக்கு என்ன செய்ய முடியும்?’ என்று அவரிடம் இதுவரை யாருமே கேட்டதில்லையாம்.

நான்கு எல்லைகள்

பிரியமானவர்களே, நம் வீட்டுப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதன் இறுதியில் ‘சொத்து விவரம்’ என்ற பகுதி இருக்கும். அங்கே சர்வே எண், மனை எண், பரப்பளவு ஆகியவற்றோடு நான்கு எல்லைகளும் குறிக்கப்பட்டிருக்கும். பத்திரம் எழுதுபவர்கள் இதைச் சக்குபந்தி என்பார்கள். வடக்கே இன்னாருடைய மனை, கிழக்கே இன்னாருடைய வீடு, தெற்கே பொதுச் சாலை, மேற்கே இன்னாருடைய காலி நிலம் என்று அது சொல்லும். அதாவது, நம் வீடு எது என்பதைச் சட்டம் அயலாரை வைத்தே அடையாளம் காட்டுகிறது. பக்கத்து வீட்டாரைச் சொல்லாமல் நம் வீட்டைச் சொல்ல முடியாது!

தரகர் சொன்னவற்றுள் நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது இதுதான். “சக்குபந்தியை அளவு சரியா என்று பார்க்கத்தான் படிக்கிறோம். அதில் இருப்பது நான்கு குடும்பங்கள் என்று யாரும் படிப்பதில்லை” என்றார் அவர்.

விவிலியத்தில் நிலம் வாங்கிய முதல் மனிதர் ஆபிரகாம். மனைவி சாராவை அடக்கம் செய்ய இடம் தேடிய அவர், தாம் அந்த ஊரில் அந்நியர் என்பதை வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார். நகர வாயிலில் ஊராராகிய இத்தியர் அனைவரின் முன்னிலையில், 400 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா நிலத்தை வாங்குகிறார். அந்த நிலமும் குகையும் எல்லைக்குள் இருந்த மரங்களும் அவருக்கு உடைமையாயின என்று ஒரு பத்திரத்தைப் போலவே தொடக்க நூல் விவரிக்கிறது (தொநூ 23). அயலார் அறியாமல் அங்கு எதுவும் நடக்கவில்லை.

இறைவாக்கினர் எரேமியாவும் அப்படியே. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நேரத்தில், தாம் சிறைப்பட்டிருந்த நிலையிலும், அனத்தோத்து ஊரில் உறவினரின் நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். முத்திரையிட்ட பத்திரமும் திறந்த நகலும் மண்பாண்டத்தில் வைத்துக் காக்கப்பட்டன (எரே 32). அழியப்போகிறது என்று எல்லாரும் கைவிட்ட நாட்டில், மீண்டும் மக்கள் சேர்ந்து வாழ்வார்கள் என்ற நம்பிக்கையின் அடையாளமாக அந்தக் கிரயம் அமைந்தது. நிலம் வாங்குவதும்கூட இறைநம்பிக்கையின் செயலாகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நேர்மையான கிரயம்

நம்பிக்கை இருக்கட்டும், பத்திரத்தையும் பாருங்கள் என்பது தரகரின் இரண்டாவது அறிவுரை. ‘நம்ம பங்குக்காரர்தானே, கோவிலுக்கு வருகிறவர்தானே’ என்று எதையும் சரிபார்க்காமல் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு கண்ணீர் விடுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். எனவே சில அடிப்படைகளை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை கைமாறிய வரிசை அறுபடாமல் இருக்கவேண்டும். வில்லங்கச் சான்றில் குறைந்தது 30 ஆண்டுகளுக்கு அடமானமோ வேறு பதிவோ உண்டா என்று பார்க்கவேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது, புல வரைபடத்தில் உள்ள அளவும் நேரில் அளந்த அளவும் ஒன்றுதானா என்று ஒப்பிடவேண்டும். அந்த இடம் ஏரிப் புறம்போக்கோ மேய்க்கால் புறம்போக்கோ அல்ல என்பதை வருவாய்த்துறைப் பதிவேட்டில் உறுதி செய்யவேண்டும். விற்பவர் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் விற்றால், அந்த அதிகாரத்தைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை இரத்து செய்துவிட்டாரா என்று கேட்கத் தயங்கக்கூடாது. இவற்றையெல்லாம் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துப் பெறுவதற்கு ஆகும் செலவு, பின்னாளில் நீதிமன்றத்துக்கு ஆகும் செலவைவிட மிகவும் குறைவு.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதன்பின் 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. விலை மலிவு என்பதற்காக அங்கீகாரமற்ற மனையை வாங்கியவர்கள் வீடு கட்டவும் விற்கவும் முடியாமல் பட்ட பாடு நமக்குப் பாடம்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் வாங்குபவருக்கு ஒரு பாதுகாப்பு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ அமையும் திட்டங்கள் அதன்கீழ் பதிவாகவேண்டும். அந்தத் திட்டங்களை விற்றுத் தரும் தரகரும் பதிவு பெற்றிருக்கவேண்டும். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிடவேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்து தரவேண்டும். ‘என் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற தரகரிடம் போகாதீர்கள்’ என்பது நம் தரகரே தரும் அறிவுரை.

நேர்மை விற்பவரிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுவதா? பத்திரத்தில் குறைந்த தொகையைக் காட்டி, மீதியை ரொக்கமாகக் கொடுப்பதற்கு வாங்குபவரும் உடந்தையாகிறார். நிலத்துக்கான முன்பணத்தை 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பொய்யின்மேல் எழுப்பிய வீட்டைக் குருவானவர் வந்து மந்திரித்துவிட்டால் அந்தப் பொய் மெய்யாகிவிடுமா?

நீர் தன் வழியை மறப்பதில்லை

செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். மதுராந்தகம் போன்ற பெரிய ஏரிகளும் எண்ணற்ற சிறிய ஏரிகளும் தாங்கல்களும் கால்வாய்களால் இணைக்கப்பட்ட நிலம் இது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, நீர் தன் வழியை மறப்பதில்லை என்பதை நாம் கண்டோம். மனை பார்க்க மார்ச், ஏப்ரலில் வராதீர்கள், நவம்பர் மழையில் ஒருமுறை வந்து பாருங்கள் என்பது தரகரின் எளிய ஆலோசனை. அங்கே நெடுநாளாக வாழும் முதியவர் ஒருவரிடம், ‘இங்கே தண்ணீர் எது வரை வந்தது?’ என்று கேட்கவேண்டுமாம். எந்த ஆவணத்திலும் இல்லாத செய்தியை அயலார் சொல்லிவிடுவார்.

அந்த வெள்ளத்தில் கடலோர மீனவர்கள் படகுகளோடு வந்து மக்களை மீட்டார்கள். மாடியில் நின்று தவித்தவர்களுள் யார், படகை நீட்டிய கை எந்தச் சாதியின் கை என்று கேட்டார்கள்?

சகோதரியின் கையெழுத்து

கிரயம் பாதியில் நின்றுபோவதற்கு அவர் அடிக்கடி காணும் காரணம் ஒன்று உண்டு. தந்தை உயில் எழுதாமல் இறந்திருப்பார். மகன்கள் வீட்டை விற்க வருவார்கள். ‘அக்கா, தங்கைகளுக்குக் கல்யாணத்தின்போதே நகை போட்டாயிற்று, அவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை’ என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இன்றி இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் அனைவருக்கும் சமமாகச் சேரும்.

இது சட்டத்துக்கு முன்பே இறைவன் காட்டிய நீதி. செலொபுகாதின் புதல்வியர் ஐவரும் மோசேயின் முன் வந்து தந்தையின் நிலத்தில் தங்களுக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டபோது, அவர்கள் கேட்பது சரியே என்று ஆண்டவர் சொன்னதாக எண்ணிக்கை நூல் கூறுகிறது (எண் 27). சகோதரியை ஏமாற்றி விற்ற வீட்டின் பணத்தில் வாங்கிய புது வீட்டில், செபமாலை சொல்லும்போது மனம் அமைதி பெறுமா?

கோபுரம் கட்டுமுன்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டாரா என்று நம் ஆண்டவர் கேட்டார் (லூக் 14:28-30). சீடராவதைப் பற்றி அவர் சொன்ன உவமை அது. ஆனாலும் வீடு கட்டுகிறவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. 30 லட்சம் ரூபாயை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 26 ஆயிரம் ரூபாய். கடன் முடியும்போது நாம் கட்டியிருப்பது 62 லட்சம் ரூபாய்க்கு மேல். இதற்கு வெளியே பதிவுச் செலவும் உண்டு. தமிழகத்தில் 2023 ஏப்ரல் முதல் மனைக்கும் கட்டிய வீட்டுக்கும் முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. புதிய அடுக்குமாடி வீடுகளுக்குத் தனி விகிதம் இருக்கிறது. 40 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு 9 விழுக்காடு என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்.

இந்தக் கணக்கில் வராத ஒரு செலவும் உண்டு. தவணை கட்டக் கணவரும் மனைவியும் கூடுதல் நேரம் உழைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பிள்ளைகள் தனியே. அன்பியக் கூட்டத்துக்கு நேரமில்லை. வீடு பெரிதாகிறது, குடும்பம் கூடும் நேரம் சிறிதாகிறது. ‘நூறு சதுர அடி குறைத்து வாங்கியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்’ என்று தரகர் சொல்வது வியாபாரிக்கு இழப்பான பேச்சுதான். ஆயினும் உண்மையான பேச்சு.

‘நம்ம ஆட்கள்’

இப்போது மீண்டும் அந்தத் தாழ்ந்த குரல் கேள்விக்கு வருவோம். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் முதலில் பெயரைக் கேட்பதும், பிறகு ஊரைக் கேட்பதும், அதன்பின் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று கைவிரிப்பதும் நாம் அறியாததல்ல. சில இடங்களில் கிறிஸ்தவர் என்பதாலேயே நமக்கு வீடு மறுக்கப்படுகிறது. அந்த வலியை நாம் உரக்கச் சொல்கிறோம். ஆனால் அதே நாம், இசுலாமியக் குடும்பத்துக்கும் தலித் குடும்பத்துக்கும் வீடு தர மறுப்பதில்லையா? ஒரே நற்கருணையை உண்டு, ஒரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகவிருக்கும் நாமே, ‘நம்ம ஆட்களாகப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று தரகரிடம் கேட்பதில்லையா?

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டுச் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தது. கண்டனத்தை நாம் பேரவையின் அறிக்கையில் வாசித்துவிட்டுப் போகலாம். ஆனால் சாவியை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்யும்போதுதான் நம் நம்பிக்கையின் உண்மை வெளிப்படும். நல்ல சமாரியர் உவமையைக் கேட்டு முடித்த நமக்கு, என் அயலார் யார் என்று கேட்கும் உரிமை இல்லை. நான் யாருக்கு அயலார் ஆனேன் என்ற கேள்விதான் எஞ்சியிருக்கிறது (லூக் 10:29-37).

வீடு என்பது மனித மாண்போடு பிணைந்தது என்பதைத் திருச்சபை தொடர்ந்து கற்பித்து வருகிறது. வீடற்றோர்க்கான பன்னாட்டு ஆண்டான 1987-இல், வீடற்ற சகோதரருக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்கும் ஆவணத்தைத் திருப்பீடம் வெளியிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலிலும், சொந்த வீடு பெறுவது மனிதரின் மாண்போடும் குடும்பங்களின் வளர்ச்சியோடும் தொடர்புடையது என்று எடுத்துரைத்தார். நிலம் ஆண்டவருக்கே உரியது, நாம் அதில் தங்கியிருக்கும் விருந்தினரே என்பது லேவியர் நூலின் போதனை (லேவி 25:23). விருந்தினராக வந்த நாம் இன்னொரு விருந்தினரை வாசலில் நிறுத்தலாமா?

புதுமனை புகுந்த பின்

பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு எரேமியா ஒரு மடல் எழுதினார். வீடுகளைக் கட்டி அங்கே குடியிருங்கள், தோட்டங்களை அமையுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலத்துக்காக உழைத்து, அதற்காக மன்றாடுங்கள் என்பது அதன் சாரம். நகரின் நலத்தில்தான் அவர்களின் நலமும் அடங்கியிருக்கிறது என்று அவர் விளக்கினார் (எரே 29:5-7). சொந்த ஊரை விட்டு இங்கே வந்து வீடு வாங்கியிருக்கும் நமக்கே எழுதப்பட்டது போலிருக்கிறது அல்லவா?

ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடியபோது, ஆசியத் திருச்சபை குழுமங்களின் குழுமமாக வாழவேண்டும் என்று வலியுறுத்தியது. நம் அன்பியங்கள் அந்தப் பார்வைக்கு உயிர் கொடுக்கின்றன. புதிதாகக் குடிவந்தவர் பங்கு அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்வதும், தம் தெருவின் அன்பியத்தில் சேர்வதும் முதல் மாதத்திலேயே நடக்கவேண்டியவை. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் ஓடிவருவது சொந்த ஊரில் இருக்கும் உறவினர் அல்ல, சக்குபந்தியில் பெயர் உள்ளவர்தான்.

அன்பியத்தோடு நின்றுவிடவும் கூடாது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பொது இடமாக உள்ளாட்சிக்கு ஒதுக்கப்படுகிறது. பூங்காவோ விளையாட்டுத் திடலோ ஆகவேண்டிய அந்த இடம் பல தெருக்களில் குப்பை மேடாகக் கிடக்கிறது. அதை மீட்க எல்லா மதத்தவரோடும் சேர்ந்து மனு கொடுப்பதும், குடியிருப்போர் நலச் சங்கத்தில் பொறுப்பேற்பதும், மழைநீர்க் கால்வாயைத் தூர்வார நிற்பதும் கிறிஸ்தவ வாழ்வே. புதுமனை அர்ச்சிப்புக்கு உறவினரை அழைக்கும்போது, நான்கு எல்லையிலும் உள்ள குடும்பங்களையும், வீட்டைக் கட்டிய கொத்தனார், சித்தாள்களையும் அழைத்துப் பந்தியில் அமர்த்திப் பாருங்கள். குருவானவர் தெளிக்கும் தீர்த்தம் சுவர்களைத் தாண்டித் தெருவையும் நனைக்கும்.

வீட்டை வாங்கித் தருவதோடு தன் வேலை முடிந்துவிடுகிறது என்றும், தெருவை வாங்கித் தர எந்தத் தரகராலும் முடியாது என்றும் அவர் சொன்னார். உண்மைதான். அதை நாம்தான் நாள்தோறும், சிறிது சிறிதாக, அன்பைக் கொடுத்துப் பெறவேண்டும்.

சிந்தனைக்கு:

நம் வீட்டின் நான்கு எல்லைகளிலும் வாழும் குடும்பங்களின் பெயர்களும் கவலைகளும் நமக்குத் தெரியுமா?

வீடு விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் சாதி, மதம் பார்க்கிறோமா?

நம் குடும்பச் சொத்தில் யாருடைய பங்காவது கொடுக்கப்படாமல் இருக்கிறதா?

செபம்: எங்கள் நடுவே குடிகொள்ள மனுவுருவான ஆண்டவரே, நீர் தந்த இல்லத்துக்காக நன்றி கூறுகிறோம். எங்கள் கதவுகளையும் உள்ளங்களையும் அயலாருக்குத் திறந்து வைக்க அருள்தாரும். சொந்த வீடில்லாமல் தவிக்கும் எம் சகோதர சகோதரிகளை நாங்கள் மறவாதிருக்கச் செய்தருளும். ஆமென்.